கலந்து வைத்த டப்பா

நான் பொய் சொல்லவில்லை. ஒரு வரியை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். எழுதாமல் விடுவது பொய்யில் சேருமா?

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடிக்குள் இருந்தவளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பின்னலை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் சத்தம், ஒரு வாரம் அமைதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கணவரின் மகள், பையையும் நாயையும் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போவாள். அடுத்த வெள்ளி திரும்பி வருவாள். பதின்மூன்று வயது. உருவம் சிறிசு, காரம் ஜாஸ்தி என்பதால் இரண்டு வீட்டிலும் அவளுக்கு மிளகு என்றுதான் பெயர். இரண்டு வீட்டுக்கும் பொதுவான விஷயங்கள் மூன்றே மூன்று. அந்தப் பெயர், அந்த நாய், ஒரு நீல அட்டை நோட்டு.

நாயின் பெயர் பொட்டலம். பத்து மாதத்துக்கு முன்னால் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. இப்போது பின்னங்காலில் நின்றால் என் தோளைத் தொடும். பெயர் மட்டும் வளரவில்லை.

நோட்டு மிளகின் பையில் போய் வரும். காய்ச்சல், பரீட்சைத் தேதி, பொட்டலத்தின் தடுப்பூசி எல்லாம் அதில்தான். என் கணவரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், அதனால் இந்த வீட்டுப் பக்கம் எழுதுவது நான். அந்த வீட்டுப் பக்கம் எழுதுவது மிளகின் அம்மா. என் கணவர் என்னைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த மூன்று வருஷத்தில் நானும் அவளும் நேரில் பேசியது பத்து வாக்கியம் தேறாது. எழுதிக்கொண்டது இரண்டு நோட்டு நிறைந்து மூன்றாவது ஓடுகிறது.

அந்த மூன்றாவது நோட்டில்தான் நேற்று அந்த வரி விடுபட்டது.

விஷயம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. பொட்டலத்துக்கு ஒரு வயது முடிந்ததால் என் கணவர் அதை நாய் டாக்டரிடம் அழைத்துப் போய் வந்தார். வளர வேண்டியது வளர்ந்தாகிவிட்டது, இனிமேலும் குட்டித் தீனி போட்டால் சதைதான் போடும், பெரிய நாய் சாப்பிடும் தீனிக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் மூன்று நாள் முக்கால் பங்கு குட்டித் தீனி, கால் பங்கு பெரிய தீனி. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் கால் பங்கு குட்டித் தீனி, மிச்சம் பெரியது. பத்தாம் நாள் முழுக்கப் பெரிய தீனி. அவசரப்பட்டால் வயிறு கெடும். அவர் சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அளப்பதுதான் என் பிழைப்பு. பல் செட் செய்யும் லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். நூறு கிராம் பிளாஸ்டர் தூளுக்கு ஐம்பது மில்லி தண்ணீர். கொஞ்சம் கூடினால் அச்சு பொருபொருவென்று உதிரும், குறைந்தால் அச்சுக்குள் ஓடாது. இந்த நாய் விஷயத்தில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தராசில் நிறுத்து நானே வைத்தேன். பொட்டலம் தட்டை நக்கி நக்கிச் சமையலறையின் அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை காலை, அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய மூன்று நாள் தீனியைப் பாதிக்குப் பாதியாக நிறுத்து, ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கி வைத்தேன். அங்கே தராசு கிடையாது, அவள் சிரமப்பட வேண்டாம் என்றுதான். அதற்கப்புறம் வேண்டுமே என்று பெரிய தீனி ஒரு பாக்கெட்டும் தனியாக எடுத்து வைத்தேன். சத்தியமாக அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கல்மிஷமும் இல்லை.

மிளகு கிளம்பும் வெள்ளி என்பதால் லேபில் அரை நாள் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் தராசின் பேட்டரி மூடி கழன்றது. ஸ்க்ரூ டிரைவர் தேடி, அவர் வீட்டில் விட்டுப் போயிருந்த வேலைப் பையைத் திறந்தேன். லிப்ட் பழுது பார்க்கிறவரின் பையில் என்ன இருக்கும், எண்ணெய்த் துணியும் கம்பியும்தான். அடியில் நாலாக மடித்து டாக்டரின் காகிதம் இருந்தது. அச்சடித்த அட்டவணை. ஓரத்தில் பென்சிலில், மூன்று வருஷமாக நான் நோட்டில் படித்துக்கொண்டிருக்கும் அதே சாய்ந்த எழுத்து.

‘காலை 150 கிராம், சாயங்காலம் 150. நீ மறந்துடுவ. அவகிட்ட குடுத்துடு.’

இன்னொரு முறை படித்தேன்.

அவர் தனியாகப் போனதாகத்தானே சொன்னார். டாக்டரிடம் நாய்க்குப் பக்கத்தில் இவரும், இவருக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் பென்சில் கேட்டு வாங்கியிருக்கிறாள். இவருடைய ஞாபகமறதியைக் கிண்டல் செய்திருக்கிறாள். அவர்கள் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், அதனால் அவள் அவரை ‘நீ’ என்பாள். நான் மூன்று வருஷமாக ‘நீங்க’விலேயே நிற்கிறேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ‘அவகிட்ட’. வேலைக்கு வைத்த ஆளிடம் சொல்லிவிடு என்பது போல ஒரு ‘அவகிட்ட’.

நாலு மணிக்கு நோட்டை எடுத்து எழுதினேன். பொட்டலம் குளித்தாகிவிட்டது. நகம் வெட்டியாகிவிட்டது. மிளகுக்குக் கணக்குப் பரீட்சை புதன்கிழமை. அடுத்த வரி மனதில் தயாராக இருந்தது. ‘டப்பாவில் இருப்பது ஏற்கெனவே கலந்தது, அப்படியே கொடுக்கவும்.’ பேனா தாளின் மேலேயே நின்றது.

எல்லாம் தெரிந்தவளுக்கு இது தெரியாமலா போகும் என்று நினைத்தேன். பேனாவை மூடினேன்.

அந்த நிமிஷத்தில் நாய் என் நினைவிலேயே இல்லை. தட்டின் பின்னாலேயே நகர்ந்து போகும் அந்த ஜீவன் என் நினைவில் இல்லவே இல்லை. இன்று காலை தலை வாரும்போது உறுத்தியது அதுதான்.

அவர் வாசலில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். நான் டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“திங்கட்கிழமை டாக்டர்கிட்டக் கூட்டமா?”

“பின்ன? ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் பூனை. சட்டசபை மாதிரி இருந்துச்சு.”

“தனியா எப்படிச் சமாளிச்சீங்க?”

ஷூ கயிறு முடிச்சில் விரல் ஒரு நொடி நின்றது. “ம்,” என்றார். “சமாளிச்சேன்.”

அந்த ‘ம்’மை நான் லேபுக்குப் போகும் வழியெல்லாம் மென்றுகொண்டே போனேன்.

லேபில் சனிக்கிழமை அரை நாள் வேலை. என் மேஜையில் ஆறு பேருடைய வாய்கள் வரிசையாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தன. எதிர் மேஜையில் மெழுகு வேலை செய்யும் அண்ணன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆறு பேரில் ஒருத்தர் சிரிப்பையாவது எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதா என்றார். மாட்டிக்கொண்டு காட்டினேன். அது பொய்ப் பல்லை விடப் பொய்யாக இருக்கிறது என்றார்.

பிளாஸ்டர் குழைக்க ஆரம்பித்த நேரத்தில் போன் அடித்தது. மிளகு. அவள் அழமாட்டாள், அழுகை வந்தால் வேகமாகப் பேசுவாள். இப்போது மூச்சு விடாமல் பேசினாள். பொட்டலம் ராத்திரியே சரியாகத் தூங்கவில்லை, காலையில் மூன்று முறை வாந்தி எடுத்தது, வெளிக்கும் தண்ணியாகப் போகிறது, ஒரு மூலையில் படுத்தது எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

“அம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மா அப்பாவக் கூப்பிட்டிருக்காங்க. டாக்டர்கிட்டப் போறோம். நீங்க வாங்க சித்தி.”

“அப்பாதான் வர்றாரே.”

“நீங்க வாங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கிண்ணத்தில் பிளாஸ்டர் கல்லாகிக் கரண்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. பதினாறு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. அண்ணன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, போய்விட்டு வா என்று கையால் காட்டினார்.

ஆட்டோவில் போகும்போது கணக்குப் போட்டேன். டப்பாவில் இருந்ததைக் குட்டித் தீனி என்று நினைத்து, அதில் பாதி எடுத்து, பாக்கெட்டில் இருந்து பெரிய தீனி பாதி போட்டிருப்பாள். அப்படியென்றால் நாலில் மூன்று பங்கு பெரிய தீனி. நேற்று சாயங்காலம் ஒரு வேளை, இன்று காலை ஒரு வேளை. வியாழன்வரை கால் பங்கு தின்ற வயிறு. எனக்கு இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. நேற்று வந்திருக்கக் கூடாதா.

டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளப் போனவள், தள்ளாமல் நின்றுவிட்டேன்.

உள்ளே சுவரோரம் நீளமான மர பெஞ்சு. அதில் அவரும் மிளகின் அம்மாவும். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்கூட இல்லை. பொட்டலம் நாலு காலுக்கும் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. அதன் முதுகில் அவருடைய கை. கழுத்தில் அவளுடைய கை. அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்தார். அவள் பாதியில் நிறுத்தியதை அவர் முடித்தார்.

தெருவில் போகிற யாராவது இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, அவர்களுடைய நாய். கதவுக்கு வெளியே நிற்கிறவள் யாரோ.

திங்கட்கிழமையும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கற்பனையில் பார்த்ததற்கே எனக்கு அவ்வளவு எரிந்தது. இன்று அதே பெஞ்சில் அவர்களை மறுபடி உட்கார வைத்தது யார்? எழுதாமல் விட்ட என் ஒரு வரி. வேறு யாரும் இல்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, கசப்பாக.

கதவைத் தள்ளினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும், யாரும் கேட்காமலே, அவளிடமிருந்து ஒரு சாண் நகர்ந்தார். நகராமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

பொட்டலம் தலையைத் தூக்கவில்லை. வாலின் நுனி மட்டும் தரையில் இரண்டு தட்டு தட்டியது. என்னைப் பார்த்துத்தான்.

மிளகு பெஞ்சுக்குப் பக்கமே வராமல் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் வந்து என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்கவில்லை, வாரைத்தான். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றில் அதுவே பெரிது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மாவுக்கு மனுஷர்களிடம் பேசுவது அவ்வளவாகப் பிடிக்காது, எதைக் கேட்டாலும் நாயிடம்தான் கேட்பார். என்னடா பண்ணின, யாருடா உனக்கு விருந்து வெச்சது என்று அதனிடம் விசாரித்துக்கொண்டே வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பதிலை நாங்கள் சொல்ல வேண்டும். அட்டவணைப்படி நேற்றிலிருந்து பாதிக்குப் பாதிதான் போட்டேன் என்று மிளகின் அம்மா சொன்னாள்.

பாதிக்கு இந்த அளவு ஆகாதே, வேறே எதையாவது தின்றாயா என்று டாக்டர் பொட்டலத்தின் காதில் கேட்டார்.

“அம்மா பிஸ்கட் குடுத்தாங்க,” என்றாள் மிளகு. “நான் வேண்டாம்னு சொல்லியும் குடுத்தாங்க.”

“ஒண்ணே ஒண்ணுடா,” என்றாள் அவள் அம்மா.

“எண்ணிப் பார்த்தீங்களா? எதத்தான் அளந்து போடுறீங்க நீங்க? சித்தி ஒவ்வொரு வேளையும் தராசுல வெச்சுப் போடுவாங்க. ஒரு நாள்கூட அதுக்கு ஒண்ணும் ஆகல. உங்ககிட்ட வந்து ஒரே ராத்திரி.”

மிளகின் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் இமைக்கும் நேரம்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“என் தப்புதான்,” என்றாள். “கவனிக்காம விட்டுட்டேன்.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறந்தும் இருப்பேன். ஆனால் மிளகின் விரல்கள் என் பை வாரை இறுக்கிக்கொண்டிருந்தன. அந்த இறுக்கம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அற்ப ஆசை. ஆனால் நினைத்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஊசி போட்டார். சாயங்காலம்வரை வயிற்றைக் காயப்போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குட்டித் தீனியே கொடுக்க வேண்டும். வயிறு சரியான பிறகு முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த முறை ஒரே வீட்டில், ஒரே கையால் போடுவது நல்லது என்று, இதை மட்டும் எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்.

“எங்க வீட்டுக்குத்தான்,” என்றாள் மிளகு உடனே.

அவள் ‘எங்க வீடு’ என்று சொன்னது எங்கள் வீட்டை.

“நானும் வர்றேன். இந்த வாரம் மட்டும் இல்ல, அது சரியாகிற வரைக்கும். சித்தி, நீங்க சரின்னு சொல்லுங்க.”

அவர் மிளகின் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே செய்யலாம் என்றார். மருந்து வாங்க மகளை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.

மூன்று வருஷமாக நான் காத்திருந்த வாக்கியம் இது. பள்ளி ஆண்டு விழாவுக்கு மிளகின் அம்மா போக, நான் வீட்டில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த நாட்களில், மிளகு தூக்கத்தில் ‘அம்மா’ என்று முனகுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட நாட்களில், இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வராதா என்று ஏங்கியிருக்கிறேன். வந்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டர் தூள் மாதிரி இருந்தது.

பொட்டலத்தை மெதுவாக நடத்தி வெளியே கொண்டுவந்தோம். அவருடைய பைக் நின்ற மரத்தடியில் அது தானாகவே படுத்துக்கொண்டது. அதன் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேர்.

அவ்வளவு அருகில் நான் அவளைப் பார்த்ததில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். காலை வகுப்பு முடிந்து வந்த கையோடு கிளம்பியிருக்க வேண்டும், முடி இன்னும் ஈரமாகக் கழுத்தில் ஒட்டியிருந்தது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அழகி என்று சொல்ல முடியாது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்தால் காரணமாவது இருந்திருக்கும்.

“அந்த டப்பாவுல இருந்தது கலந்தது,” என்றேன். “நான்தான் கலந்து வெச்சேன். உங்ககிட்ட சொல்லல.”

“தெரியும்.”

நான் நிமிர்ந்தேன்.

“காலையில இது வாந்தி எடுத்ததும் டப்பாவத் தட்டுல கொட்டிப் பார்த்தேன். ரெண்டு சைஸ் கிடந்துச்சு. குட்டித் தீனி சின்னதா இருக்கும்ல.” அவள் பொட்டலத்தின் காதைத் தடவினாள். “மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். அதான் உள்ள சொல்லல.”

வெளியேற ஒரு வழி அது. ஆமாம், வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன் என்று சொல்லி அதில் நுழைந்து போயிருக்கலாம். அவள் அதற்காகவே திறந்து வைத்த மாதிரி இருந்தது.

“மறக்கல,” என்றேன்.

அவள் கை காதின் மேலேயே நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன், படட்டும் என்றும் நினைத்தேன். அவள் ஏன் என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை நீங்களும் இங்கே வந்தது எனக்குத் தெரியாது, காகிதத்தில் உங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றேன். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

“அவன் உங்ககிட்ட சொல்லலையா?”

அவன். அந்த நேரத்திலும் அந்த ‘அவன்’ என் காதில் தனியாக விழுந்தது.

“எங்கிட்ட, சொல்லிட்டேன்னான்,” என்றாள். பெருமூச்சு விட்டாள். “திங்கட்கிழமை நாயப் பத்திப் பேச மட்டும் நான் வரலங்க. எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. பெரிய குளம், பதினஞ்சு பேருக்கு நான் தலைமை. இந்த வயசுக்கு மேல இன்னொரு தடவ வராது. மிளகோட பள்ளிக்கூடம் இங்க. அவள உங்க வீட்டுலயே வருஷம் முழுக்க வெச்சுக்க முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். உங்ககிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னான்.”

அஞ்சு நாள். அஞ்சு நாளாக அவர் என்னுடன் சாப்பிட்டு, எழுந்து, ஷூ கட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. எது அவரைத் தடுத்தது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பேன். ஆனால் இப்போது என் முன்னால் நிற்பது அவர் இல்லை.

“நேத்து வரைக்கும் எனக்கு ஒரே பயம்,” என்று அவள் தொடர்ந்தாள். “அவ உங்ககூட இருக்கச் சம்மதிக்க மாட்டா, நான் போக முடியாதுன்னு. இன்னிக்கு அவளே வாய்விட்டுக் கேட்டுட்டா. நீங்களும் கேட்டீங்கல்ல.” சிரிக்க முயன்றாள். “என் மேல கோபத்துலதான் கேட்டா. பரவாயில்ல.”

தெருமுனைக் கடையில் அவரும் மிளகும் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன். டப்பா விஷயத்த அவகிட்ட சொல்லிடாதீங்க. பிஸ்கட்டுன்னே இருக்கட்டும். என் மேல கோபம்னா நாலு நாள்ல போயிடும், நான் அம்மா. உங்க மேல வந்தா போகாதுங்க. அவ சுபாவம் உங்களுக்கும் தெரியும்.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

எவ்வளவு தப்பு செய்தாலும் இவளுக்கு நாலு நாள் போதும். எனக்கு மூன்று வருஷம் ஆகியும் ஒரு பை வார்தான். அந்த வித்தியாசத்தை இவள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். பெருமையாகச் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். பரிவாகச் சொன்னாள்.

சரி என்று சொல்ல ஒரு நொடி போதும். மிளகு எங்கள் வீட்டுக்கு வருவாள். வருஷம் முழுக்க. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு யாரும் பையைத் தூக்க மாட்டார்கள். அவள் அறைக்கு நான் பார்த்து வைத்திருக்கும் பச்சைத் திரையை மாட்டலாம். எல்லாம் கிடைக்கும். எல்லாம் இவள் கொடுத்ததாக இருக்கும். நான் செய்த தப்பையும் இவளே சுமந்து, அதைச் சொல்லாமல் காப்பாற்றியும் கொடுத்து, அந்த ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து என் வீட்டு நாற்காலியில் உட்காரும்போது, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று நடுவில் கிடக்கும். அவள் அதைத் தொடவே மாட்டாள். தொடமாட்டாள் என்பதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்ன பெயர் வைத்தாலும் சரி, சம்மதிக்கவிடாமல் என்னைத் தடுத்தது நேர்மை இல்லை, பொறாமைதான். பெருந்தன்மையிலும் இவள் எனக்கு முன்னால் போய் நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

மருந்தோடு அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மிளகு அப்பாவை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக முன்னால் வந்தாள். பொட்டலம் தலையைத் தூக்கியது.

“சொல்ல மாட்டீங்கல்ல?” என்றாள் மிளகின் அம்மா.

“இல்லங்க,” என்றேன். “சொல்லிடுவேன். வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, இங்கயே.”